குடும்ப சரித்திரம் கற்போம்

ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், மாநில எல்லையைக் கடந்து சிறிது தொலைவு வந்தால் எலெக்ட்ரானிக் சிட்டி என்னும் தொழில் நகரை அடையலாம். இன்று கண்ணாடி மாளிகைகளும் மேம்பாலமும் நிறைந்து விளங்கும் இவ்விடம், முன்னர் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இரு சிற்றூர்களின் நிலமாக இருந்தது. கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமாகிய கியோனிக்ஸ், 1978-ஆம் ஆண்டில், ஆர். கே. பாலிகா அவர்களின் தலைமையில் 332 ஏக்கர் பரப்பில் இத்தொழில் நகரை அமைத்தது. அதன் பின்னர் வேலை தேடி இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் மிகப் பல. அவற்றுள் நம் குடும்பமும் ஒன்று. மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளராக இருப்பது நம் தொழில். பிறர் எழுதிய சட்டங்களையும் சுற்றறிக்கைகளையும் தமிழாக்கியே நம் காலம் கழிந்து வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நான்காம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, பள்ளியில் கொடுத்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தாள். அதில் ஒரு மரத்தின் படம் இருந்தது. ஒவ்வோர் இலையிலும் ஒரு முன்னோரின் பெயரை எழுத வேண்டும். பெற்றோர் இருவர், பாட்டன் பாட்டியர் நால்வர் என ஆறு இலைகள் நிரம்பிவிட்டன. அதற்கு மேல் எட்டு இலைகள். அவற்றுள் இரண்டில்தான் பெயர் எழுத முடிந்தது. “மீதி ஆறு பேருக்கும் பெயரே கிடையாதா, மாமா?” என்று கேட்டாள் குழந்தை.

நாம் சிரித்துவிட்டு நம் வீட்டு மரத்தை மனத்துள் வரைந்து பார்த்தோம். எட்டில் மூன்று பெயர்களே தெரிந்தன. சோழ மன்னர்களின் கொடிவழியைப் பரீட்சைக்காக ஒப்பித்த நமக்கு, நம் பாட்டியைப் பெற்ற தாயின் பெயர் தெரியவில்லை. அன்று முதல் நம் குடியிருப்பில் ஞாயிறு மாலைகளில் ஒரு சிறு வகுப்பு கூடலாயிற்று. ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை. கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர் சிலர், ஓய்வு பெற்ற பெரியவர் இருவர், இல்லத்தரசியர் மூவர், நாம். இணையத்தில் கிடைக்கும் பயிற்சிப் பாடங்களே நமக்கு வாத்தியார்.

குடும்ப சரித்திரம் தேடும் கலையைக் கற்பிக்கும் பாடங்கள் இன்று இணையத்தில் ஏராளம். ஸ்காட்லாந்தின் ஸ்டிராத்கிளைடு பல்கலைக்கழகம் 2016-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்காக இணையவழிப் பாடம் ஒன்றைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாப் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு பட்டயப் படிப்பை இணையவழி நடத்தி வந்துள்ளது. 1894-இல் தொடங்கப்பட்ட யூட்டா மரபியல் சங்கத்தின் வழிவந்த ஃபேமிலிசர்ச் என்னும் ஸ்தாபனம், பல நாடுகளில் படம் பிடித்துச் சேர்த்த ஏறத்தாழ 24 லட்சம் நுண்படச் சுருள்களைக் கணினியில் ஏற்றும் வேலையை 2021-இல் முடித்தது. அத்துடன் தேடும் முறையை விளக்கும் பாடங்களையும் கட்டணமின்றி வழங்குகிறது.

இப்பாடங்கள் அனைத்தும் கூறும் விதிகள் எளியவை. இன்றிலிருந்து பின்னோக்கிச் செல்க. தெரிந்ததைக் கொண்டு தெரியாததைத் தேடுக. இது முதல் விதி. கிடைக்கக்கூடிய சான்றுகளை இயன்றவரை தேடுதல், ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து கிடைத்தது என்பதைக் குறித்தல், சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்தல், முரண்பட்டால் அம்முரணைத் தீர்த்தல், முடிவைக் காரணங்களோடு எழுதிவைத்தல் ஆகிய ஐந்தும் நிறைவேறினாலன்றி எதையும் நிரூபிக்கப்பட்டதாகக் கொள்ளலாகாது. இது அடுத்த விதி. நீதிமன்றத்தில் நிற்கும் சாட்சிக்கும் வீட்டுத் திண்ணையில் பேசும் கதைக்கும் உள்ள வேற்றுமையை இவ்விதிகள் நமக்கு உணர்த்தின.

ஆனால் முதற் பாடத்திலேயே நம் வகுப்பு தடுக்கி விழுந்தது. “உங்கள் முன்னோரின் மக்கட்தொகைக் கணக்கெடுப்புத் தாளைத் தேடி எடுங்கள்” என்றது பாடம். இங்கிலாந்தில் அது இயலும். நூறு ஆண்டுகள் கடந்ததும் அத்தாள்களைப் பொதுமக்கள் பார்வைக்கு அங்கே வைத்துவிடுகின்றனர். 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல் வெளிவந்தன. அமெரிக்காவிலோ 72 ஆண்டுகள் போதும். நம் நாட்டில் 1881-ஆம் ஆண்டு முதல் ஒழுங்காகக் கணக்கெடுத்து வந்திருக்கின்றனர் என்பது உண்மையே. எனினும் நமக்குக் கிடைப்பவை ஜில்லா வாரியான தொகைகளே அன்றித் தனி வீடுகளின் விவரங்கள் அல்ல. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனி மனிதரைப் பற்றிய கணக்கெடுப்புப் பதிவுகளை எவரும் பார்வையிட இயலாது.

அவ்வாறே, லண்டனில் உள்ள பழைய இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் 1698-ஆம் ஆண்டு முதல் உள்ளன. ஆயினும் அவை பெரும்பாலும் ஐரோப்பியரைப் பற்றியவை. தேவாலயப் பதிவேடுகளில் பெயர் இடம்பெற்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஓரளவு வழி உண்டு. மற்றையோர் என் செய்வது?

இரண்டு வாரம் சோர்வுடன் கழிந்தது. பின்னர் ஓர் உண்மை புலப்பட்டது. இணையப் பாடம் தேடும் முறையைத்தான் கற்பிக்க வல்லது. தேட வேண்டிய இடத்தை நாம்தான் கண்டுகொள்ள வேண்டும். பிற நாட்டார் கணக்கெடுப்புத் தாளில் தேடுவதை, நாம் பெரியோரின் நினைவிலும், டிரங்குப் பெட்டியிலும், குலதெய்வத்தின் சந்நிதியிலும், நிலப் பதிவேட்டிலும் தேட வேண்டும். அன்று முதல் நம் பாடங்களை நாமே வகுத்துக்கொண்டோம். அவற்றைப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவருக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் பாடம், பெரியோரிடம் கேட்பது. நம் பெரியவர்களுக்கு ஆங்கில வருஷம் நினைவில் இராது. ஆனால் நிகழ்ச்சிகள் நினைவில் இருக்கும். “தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தார்கள்” என்றால் அது 1876-ஐ ஒட்டிய காலம். “எம்டன் குண்டு போட்டபோது அப்பா கைக்குழந்தை” என்றால் 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஐ ஒட்டிப் பிறப்பைக் கணிக்கலாம். “ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையைக் காலி செய்தோம்” என்றால் 1942. “தனுஷ்கோடி புயலில் போனது” என்றால் 1964 டிசம்பர். பெங்களூரிலேயே பல தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பிளேக் நோயின் பேச்சு வரும், அது 1898. இந்நிகழ்ச்சிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், “எப்போது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களும் “அதற்கு முன்பா, பின்பா?” என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

பெயரிடும் வழக்கமும் நமக்குத் துணை நிற்கிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபு. ‘பெயரன்’ என்ற சொல்லே பேரன் என்று மருவியது. ஆகவே ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். கொடிவழியில் விடுபட்ட பெயரை ஊகிக்க இது உதவும். ஒரே பெயருடைய இருவரை ஒருவராகக் கருதி மயங்கவும் இதுவே காரணமாகும். தலைப்பெழுத்து தந்தையின் பெயரைத் தாங்கி நிற்பதால், ஒரு பெயரிலிருந்தே இரண்டு தலைமுறைகள் கிடைக்கின்றன.

இரண்டாம் பாடம், டிரங்குப் பெட்டி. பாகப்பிரிவினைப் பத்திரம், கிரயப் பத்திரம், அடமான ரசீது, ஜாதகம், மொய்க் கணக்கு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஆகியவை அங்கே உறங்குகின்றன. இவற்றைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஆண்டு என்பதற்கு ௵, மாதத்திற்கு ௴, நாளுக்கு ௳, ‘மேற்படி’ என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று எழுதுவது அக்கால வழக்கம். எண்களும் ௧, ௨, ௩ என்றே இருக்கும். நம் வகுப்பு இளைஞர்கள் இக்குறிகளைக் கண்டு முதலில் மிரண்டனர். ஒரே மாலையில் கற்றுக்கொண்டனர். எழுத்துக்கள் அத்தனையும் இன்று கைபேசியிலேயே உள்ளன என்பதைக் கண்டபோது அவர்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. பழைய நூல்களையும் சுவடிகளையும் காண விரும்புவோருக்கு, 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் திறந்தே இருக்கிறது.

இங்கே நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெட்டியில் ஒரு பாகப் பத்திரம் கிடைத்தது. பாட்டனாரின் தந்தையும் அவருடைய சகோதரர் இருவரும் நிலத்தையும் வீட்டையும் மூன்றாகப் பிரித்துக்கொண்ட பத்திரம் அது. “தாது ௵ தை ௴” என்று மட்டும் தேதி எழுதியிருந்தது. ஆங்கிலத் தேதி இருந்த ஓரம் செல்லரித்துப் போய்விட்டது. பஞ்ச காலத்துப் பத்திரம் கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதித்தோம். ஒரு வாரம் வரை எல்லோரிடமும் அவ்வாறே சொல்லியும் வந்தோம். பிறகுதான் ஐந்து விதிகள் நினைவுக்கு வந்தன. தமிழ் வருஷங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன அல்லவா? தாது வருஷம் 1876-இல் பிறந்தது போலவே 1936-இலும் பிறந்தது. முத்திரைத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அதில் அச்சாகியிருந்த தலை விக்டோரியா மகாராணியின் தலை அன்று. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடைய தலை. ஆகவே பத்திரம் 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தைச் சார்ந்ததாதல் வேண்டும். அறுபது ஆண்டுப் பிழையை ஒரு தலை திருத்திற்று. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் தவறினால் மேலதிகாரி திருத்துவார். குடும்ப சரித்திரத்தில் தவறினால் திருத்த ஒருவருமில்லை. பேரக் குழந்தைகள் அதையே உண்மையென்று கொள்வர்.

மூன்றாம் பாடம், குலதெய்வம். “உங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது?” என்ற ஒரு கேள்வி, பல ஆவணங்கள் செய்யாத வேலையைச் செய்துவிடும். குடும்பம் எத்தனை ஊர் மாறினாலும் குலதெய்வம் ஊர் மாறுவதில்லை. குழந்தைக்கு முடியிறக்க வருகின்ற பங்காளிகளைக் கண்டு பேசினால், நாம் அறியாத கிளைகள் வெளிப்படும். சில சமூகங்களில் கோயிலே பதிவாளராகவும் விளங்குகிறது. நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களில், மணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகக் கணக்கில் சேர்க்கும் முறை இன்றும் உள்ளது. வட நாட்டில் ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் யாத்திரிகர்களின் வம்சாவளியைப் பேரேடுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வருவதையும், அவற்றுட் பல நுண்படமாக்கப்பட்டிருப்பதையும் இங்கு நினைவு கூரலாம்.

நான்காம் பாடம், ஆட்சி எல்லை. முன்னோரின் ஊர் எது என்று தெரிந்தால் போதாது. அவ்வூர் அந்தக் காலத்தில் எந்த ஜில்லாவில், எவருடைய ஆட்சியில் இருந்தது என்றும் தெரிய வேண்டும். ஆவணம் அங்கேதான் இருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகிலுள்ள ஓசூரையே எடுத்துக்கொள்வோம். அது சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. வட ஆர்க்காட்டின் சில தாலுகாக்கள் 1911-இல் சித்தூர் ஜில்லாவுக்குப் போயின. எஞ்சியது 1989-இலும் 2019-இலும் மீண்டும் பிரிந்தது.

பெங்களூரிலும் இவ்வாறே. 1809-இல் ஆங்கிலேயரின் தண்டு இங்கே அமைந்தபோது, அதனைச் சார்ந்து வந்த தமிழர் பலர். அந்தக் கண்டோன்மெண்ட் பகுதி 1947 ஜூலையில் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்படும் வரை ஆங்கிலேயரின் நிர்வாகத்தில் இருந்தது. பேட்டைப் பகுதியோ மைசூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஒரே நகரில் இரண்டு மைல் இடைவெளியில் வாழ்ந்த இரு தமிழ்க் குடும்பங்களின் ஆவணங்கள் இரு வேறு ஆட்சிகளின் கட்டுகளில் இருக்கும். கோலார் தங்கவயல், 1940-இல் தோன்றிய விமானத் தொழிற்சாலை, 1948-இன் தொலைபேசித் தொழிற்சாலை, 1954-இன் மின்னணுத் தொழிற்சாலை என்று வேலைக்கு வந்தோர் பின்னைய அலைகள். 2001 பிப்ரவரியில் தங்கவயல் மூடப்பட்டபோது, அங்கிருந்து தினந்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரலானோர் பலர். நம் முன்னோர் இவற்றுள் எந்த அலையில் வந்தனர் என்று அறிவதே பாதித் தேடல்.

நில ஆவணங்களைப் பொறுத்தவரை இக்காலம் நமக்குச் சாதகமானது. தமிழ்நாட்டின் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றை அரசின் இணையச் சேவையிலும், வில்லங்கச் சான்றுகளைப் பதிவுத் துறையின் சேவையிலும் வீட்டிலிருந்தே காணலாம். கர்நாடகத்தில் ‘பூமி’ என்னும் திட்டம் 2000-ஆம் ஆண்டு முதல் நிலப் பதிவுகளைக் கணினியில் தருகிறது. பழைய கட்டுகளுக்கு, சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாட வேண்டும். ஊரின் பெயர், சர்வே எண், தந்தை பெயர் ஆகிய மூன்றையும் முன்னரே அறிந்து செல்வோர்க்கு வேலை எளிதாகும்.

ஐந்தாம் பாடம், கடல் கடந்தோர். இது சற்று மனவுறுதி வேண்டும் பாடம். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘டுரூரோ’ கப்பல் முதல், 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். இவர்களுட் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தினின்று ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் ஆகியவை எழுதப்பட்டன. டர்பனில் உள்ள காந்தி-லுதுலி ஆவண மையம் இப்பட்டியல்களை இணையத்தில் ஏற்றியது. மொரீஷியஸ் தீவில் மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிலையத்தில், குடியேறியோரின் புகைப்படங்களுங்கூட உள்ளன. ஊரில் நிலம் வைத்திருந்தவனைப் பற்றி எழுதாத விவரமெல்லாம், நிலமின்றிக் கப்பல் ஏறியவனைப் பற்றி எழுதிவைக்கப்பட்டது. இது சரித்திரத்தின் விந்தை.

நம் வகுப்பில் ஒரு பெரியவர் இருந்தார். தம் பாட்டனாரின் தம்பி “சீமைக்கு வியாபாரம் செய்யப் போனார்” என்பது அவர் வீட்டுக் கதை. நேட்டால் பட்டியலில் அதே பெயர், அதே தந்தை பெயர், அதே வட ஆர்க்காட்டுக் கிராமம் உடைய ஒருவர் இருக்கக் கண்டோம். பெரியவர் முகம் வாடிவிட்டது. “கூலி என்று எழுதாதீர்கள்” என்றார். பட்டியலில் வயது மட்டும் ஆறு ஆண்டு வேறுபட்டது. ஆகவே, “இவராக இருக்கலாம், உறுதி செய்யப்படவில்லை” என்று குறித்துவைத்தோம். அடுத்த வாரம் அவரே வந்து சொன்னார்: “என் பேரப் பிள்ளைகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத்தானே அயல் தேசம் போகிறார்கள்? அவர் கைநாட்டு வைத்துப் போனார். எழுதுங்கள். ஆனால் ‘இருக்கலாம்’ என்பதையும் விட்டுவிடாதீர்கள்.” அப்பெரியவர் குடும்ப சரித்திரக் கலையின் இரண்டு தருமங்களையும் ஒரே மூச்சில் கூறிவிட்டார். தாழ்வென்று கருதி மறைப்பதும் பிழை. உயர்வென்று கருதிச் சேர்ப்பதும் பிழை. பழைய ஆவணங்களில் சாதிப் பெயர் வராத பக்கமில்லை. அதை ஆராய்ச்சியாளன் ஒரு விவரமாகக் குறிப்பானே அன்றிப் பெருமையாகவோ சிறுமையாகவோ கொள்ளான்.

ஆறாம் பாடம் கல்லில் இருந்தது. ஓசூர் சாலையில் நாம் அன்றாடம் கடந்து செல்லும் மடிவாளத்தில் சோமேசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் 1247-ஆம் ஆண்டைச் சார்ந்த ஒன்று, வேப்பூர் வாசி ஒருவரின் நிலக்கொடையைக் கூறுகிறது. வேப்பூர் என்பது எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அடுத்துள்ள இன்றைய பேகூர். அந்தப் பேகூரின் நாகேசுவரர் கோயிலில்தான், ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டினதாகிய கன்னடக் கல்வெட்டு ஒன்று ‘பெங்களூரு’ என்ற பெயரையே குறித்து நிற்கிறது. லூயிஸ் ரைஸ் என்னும் அறிஞர் 1905-இல் இவ்வட்டாரத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1909-இல் நிறுவப்பெற்ற மித்திக் சொசைட்டி, இப்போது அக்கற்களை முப்பரிமாணப் படங்களாக்கிக் காத்து வருகிறது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு மடிவாளத்திற்குச் சென்றோம். எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழ் எழுத்தை விரலால் தடவிப் பார்த்த அக்குழந்தைகளுக்கு, அவ்வெழுத்து மட்டுமன்று, இன்றைய தமிழ் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. பெற்றோர் முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பாட்டியின் கடிதத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்ற ஆவலால் இரண்டு குழந்தைகள் இப்போது அகரம் கற்று வருகின்றனர்.

கல்லில் எழுதிய பெயர் எழுநூறு ஆண்டு நிற்கிறது. எழுதாத பெயர் எத்தனை ஆண்டு நிற்கும்? இக்கேள்வி நம்மை மீண்டும் அந்தத் தாது வருஷப் பத்திரத்தினிடம் கொண்டுபோய் விட்டது. மூன்று சகோதரர்களின் பெயர், அவர்கள் தந்தையின் பெயர், பாட்டன் பெயர், சாட்சிகள் நால்வர் பெயர், எழுதியவர் பெயர், கிணற்றின் பெயர், மரங்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் உண்டு. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. அது எழுதியவரின் குற்றமன்று. சொத்து இல்லாதவருக்குச் சொத்துப் பத்திரத்தில் இடம் ஏது? கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-இலும், கர்நாடகத்தில் 1994-இலும், நாடு முழுவதற்கும் 2005-இலுந்தான் சட்டமாயிற்று. ஆவணங்களை மட்டும் நம்பினால் நம் முன்னோரிற் பாதிப்பேர் இல்லாதவர்களே ஆவர்.

ஊரில் நம் பாட்டனாரின் தங்கை ஒருவர் இருந்தார். தொண்ணூறு வயதைக் கடந்தவர். அந்த அத்தைப் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, பாகம் பிரிந்த ஆண்டைப் பற்றிக் கேட்டோம். “எனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். அடுப்பு மூன்றாயிற்று” என்றார். 1937 என்ற நம் கணக்கு உறுதிப்பட்டது. பிறகு மூன்று சகோதரர்களின் மனைவியர் பெயரைக் கேட்டோம். ஒரு கணமும் தயங்காமல், பிறந்த ஊரோடு சேர்த்து மூன்றையும் சொன்னார். சற்றுப் பொறுத்து, “இன்னொருத்தி இருந்தாளே, அவள் பெயர் வேண்டாமா?” என்றார். சகோதரர் மூவருக்கும் ஓர் அக்காள் இருந்தாளாம். பதினைந்து வயதில் கைம்பெண்ணாகிப் பிறந்த வீடு திரும்பி, நாற்பது ஆண்டு அவ்வீட்டிலேயே உழைத்து மறைந்தாளாம். பாகத்தன்று எந்த அடுப்பில் அவளுக்குச் சோறு என்பதைப் பற்றித்தான் நெடுநேரம் பேச்சு நடந்ததாம். பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அத்தைப் பாட்டி அவள் பெயரைச் சொன்னார். நாம் எழுதிக்கொண்டோம்.

அந்தப் பேச்சு நாற்பது நிமிஷம் நடந்தது. கைபேசியில் பதிவு செய்து வைத்தோம். அதற்கடுத்த மார்கழியில் அத்தைப் பாட்டி காலமானார். அந்த அக்காளின் பெயரை அறிந்தவர் உலகில் அவர் ஒருவரே என்பது பின்னர்தான் நமக்குத் தெரிந்தது. நாம் இணையப் பாடத்தை முடித்துவிட்டு நிதானமாக அழைக்கலாம் என்று எண்ணியிருந்தோம். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடமாக அழைத்ததால் அப்பெயர் தப்பிற்று.

ஆகவே பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு விண்ணப்பம். மும்பையிலோ, டில்லியிலோ, கொல்கத்தாவிலோ, நம்மைப் போல் பெங்களூரிலோ வாழ்பவர்கள், நான்கைந்து குடும்பங்களாகக் கூடி வாரம் ஒரு பாடமாக ஆறு வாரங்களில் இதனைக் கற்கலாம், கற்பிக்கலாம். இணையப் பாடங்களிலிருந்து முறையை எடுத்துக்கொள்க. உரையாடலைப் பதிவு செய்யுமுன் பெரியவரின் சம்மதம் பெறுக. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, “யார் சொன்னது, எந்நாள், எந்தத் தாள்” என்று குறிக்க. பத்திரங்களைப் படம் பிடித்து இரண்டு இடங்களில் வைக்க. உயிரோடிருப்பவர்களின் பிறந்த நாளையும் தாயின் பெயரையும் பொது இணையத்தில் பரப்பாது காக்க. வங்கிகள் கேட்கும் இரகசியக் கேள்விகளுக்கு அவையே விடைகளாகும். எழுதியதைத் தமிழிலும், குழந்தைகள் படிக்கும் மொழியிலும் வைக்க. மொழிபெயர்ப்பாளராகிய நம் தொழில் வீட்டுக்குப் பயன்பட்டது இதில்தான்.

பாடங்களின் வரிசையில் மட்டும் ஒரு மாற்றம் வேண்டும். காப்பகம் நாளையும் திறந்திருக்கும். கல்வெட்டு அடுத்த ஆண்டும் நிற்கும். இணையம் எந்த இரவிலும் கிடைக்கும். பெரியோரின் நினைவு அப்படியன்று. அதை முதலிற் கேட்க வேண்டும். கேட்கும்போது, பாட்டன்மார் பெயரைவிடப் பாட்டிமார் பெயரை முன்னதாகக் கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சிறுமியின் மரத்தில் இப்போது எட்டில் ஏழு இலைகள் நிரம்பியுள்ளன. எட்டாவது இலையில் அவள் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு, பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். வருகிற கோடை விடுமுறையில் அக்கிராமத்திற்குப் போகப் போகிறார்களாம்.